8088 கணினிக்கு ஐஆர்சி நிரல்: ‘நிக்’ போகிறது, ‘யூசர்’ வரியில் நின்றுவிடுகிறது

#1 தாமரைநாடா

பழைய கணினி ஒன்றுக்கு ஐஆர்சி (இணைய எழுத்து அரட்டை) நிரல் எழுதுகிறேன். கணினி 8088, 4.77 மெகாஹெர்ட்ஸ், 640 கேபி ரேம், டாஸ் 3.3. கார்டு 8 பிட் ஈதர்நெட். கிரின்வர் தொகுப்பின் பேக்கெட் டிரைவரை (கார்டுக்கும் நிரலுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள்) இன்டரப்ட் ஹெக்ஸ் 60-ல் ஏற்றியிருக்கிறேன். கம்பைலர் ஓப்பன் வாட்காம். ஏஆர்பி, ஐபி, டிசிபி என்ற மூன்று வலை நெறிமுறைகளையும் நூலகம் எதுவும் சேர்க்காமல் நேரடியாக எழுதியிருக்கிறேன்.

நடப்பது இதுதான். 6667-ஆம் போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறது. சர்வர் அனுப்பும் முதல் அறிவிப்பு வரிகள் திரையில் சரியாக வருகின்றன. என் புனைபெயரைச் சொல்லும் நிக் கட்டளை போகிறது, அதற்கு ஏக் (பெற்றுக்கொண்டேன் என்ற டிசிபி பதில்) வருகிறது. அடுத்து பயனர் விவரம் தரும் யூசர் கட்டளையை அனுப்பினால் ஏக் வருவதே இல்லை. என் நிரல் அதைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. கொஞ்ச நேரத்தில் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. செக்சம் (பிழை காணும் கூட்டுத்தொகை) தவறா என்று பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நிக், யூசர் இரண்டையும் ஒரே செக்மென்ட்டில் (டிசிபி அனுப்பும் ஒரு துண்டு) சேர்த்து அனுப்பினால் பதிவு முடிந்துவிடுகிறது, ஆனால் அடுத்த கட்டளையில் இதே கதை.

#2 செம்புக்கம்பி

வெளி சர்வரில் சோதிக்க வேண்டாம். லினக்ஸ் கணினி ஒன்றில் என்ஜிஐஆர்சிடி போல ஒரு சிறிய ஐஆர்சி சர்வரை ஓடவிட்டு, அதிலேயே வலையில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப்பையும் ஓட்டுங்கள். சீக்வன்ஸ் எண்களை (பைட்டுகளுக்கு டிசிபி தரும் வரிசை எண்கள்) சுருக்காமல் முழு எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யூசர் கட்டளையைச் சுமந்து வரும் உங்கள் செக்மென்ட்டில் இருக்கும் ஏக் எண், சர்வர் கடைசியாக அனுப்பிய பைட்டுக்கு அடுத்த எண்ணா, இல்லை அதைத் தாண்டியிருக்கிறதா?

#3 தாமரைநாடா

பார்த்தேன். 6 கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக 6.

#4 செம்புக்கம்பி

6 என்றால் காரணம் உறுதி. ஈதர்நெட் ஃபிரேமின் குறைந்தபட்ச நீளம், கடைசி 4 பைட் பிழைச் சோதனைக் குறியான சிஆர்சியை விட்டுவிட்டால், 60 பைட். தரவு எதுவும் இல்லாத வெறும் ஏக் என்றால் ஐபி ஹெடர் 20, டிசிபி ஹெடர் 20, ஈதர்நெட் ஹெடர் 14, ஆக 54. மீதி 6 பைட் வெறும் நிரப்பு. பேக்கெட் டிரைவர் உங்களுக்குத் தரும் நீளம் ஃபிரேமின் நீளம், அதாவது 60. அதிலிருந்து ஹெடர்களைக் கழித்து வரும் 6-ஐ நீங்கள் தரவு என்று எண்ணி, ஏக் எண்ணை 6 கூட்டிவிடுகிறீர்கள்.

இதன் பிறகு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செக்மென்ட்டும் சர்வர் இன்னும் அனுப்பாத பைட்டுக்கு ஏற்பு சொல்கிறது. அப்படிப்பட்ட செக்மென்ட்டை எதிர்முனை ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் டிசிபி விதி. ஏக் மட்டுமல்ல, அதோடு வந்த யூசர் வரியும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. முதலில் வந்த அறிவிப்பு வரிகள் ஏன் சரியாக இருந்தன என்றால், அவை நீளமானவை, அங்கே நிரப்புக்கு இடமில்லை. நிக் கட்டளைக்கு வந்த வெறும் ஏக்தான் முதல் குட்டை ஃபிரேம். அங்கேதான் கணக்கு சறுக்கியது.

தீர்வு: நீளத்தை எப்போதும் ஐபி ஹெடரின் மொத்த நீளப் புலத்திலிருந்து எடுங்கள். தரவின் நீளம் = மொத்த நீளம் − ஐபி ஹெடர் நீளம் − டிசிபி ஹெடர் நீளம். இரண்டு ஹெடர் நீளங்களையும் 20 என்று எழுதிவைக்காமல் அவற்றின் 4 பிட் புலத்தைப் படித்து 4-ஆல் பெருக்குங்கள். டிரைவர் தந்த நீளத்தை ஒரே ஒரு சோதனைக்குப் பயன்படுத்துங்கள்: ஐபியின் மொத்த நீளமும் 14-ம் சேர்ந்து அதைவிடப் பெரிதாக இருந்தால் பேக்கெட் அரைகுறை, தூக்கிப் போடலாம்.

வெளியே போகும் பக்கமும் இதையே கவனியுங்கள். சில டிரைவர்கள் 60-க்குக் குறைந்ததைத் தாமே நிரப்பும், சில அப்படியே கார்டுக்குத் தள்ளும். நீங்களே 60 வரை பூஜ்யத்தால் நிரப்பி அனுப்புங்கள். பூஜ்யம் என்பது முக்கியம், இல்லாவிட்டால் முந்தைய பேக்கெட்டின் மிச்சம் கம்பியில் போகும்.

#5 மெதுமணி

ஏன் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்? மைக்கேல் பிரட்மனின் எம்டிசிபி இருக்கிறது. திறந்த மூலம், 8088-லேயே ஓடும், ஓப்பன் வாட்காமில்தான் கம்பைல் ஆகிறது. டிஹெச்சிபி, டிஎன்எஸ், டிசிபி எல்லாம் உள்ளே. அதிலேயே ஐஆர்சிஜூனியர் என்று ஓர் அரட்டை நிரலும் உண்டு. 386-ம் அதற்கு மேலும் என்றால் வாட்-32 இருக்கிறது, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் எரிக் எங்கெல்கே எழுதிய வாட்டிசிபியிலிருந்து வளர்ந்தது. டிசிபியில் பிழை என்பது அரட்டை நிரலின் பிழை அல்ல. அரட்டையில் கவனம் செலுத்த வேண்டும் என்றால் நூலகத்தின் மேல் கட்டுவதுதான் நியாயம்.

எம்டிசிபி ஜிபிஎல் 3 உரிமத்தில் வருகிறது. அதை இணைத்து வெளியிடும் உங்கள் நிரலும் அதே உரிமத்தில்தான் வர வேண்டும். தொடங்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

#6 செம்புக்கம்பி

வெளியிடத் தகுந்த நிரல் சீக்கிரம் வேண்டும் என்றால் மெதுமணி சொல்வது சரி. ஆனால் ஒரே ஒரு இணைப்பை மட்டும் தொடங்கும் கிளையன்ட்டுக்கான டிசிபி சின்னதுதான். கேட்கும் நிலை வேண்டாம், ஐபி துண்டுகளைச் சேர்க்க வேண்டாம், வரிசை மாறி வருவதைச் சேமிக்க வேண்டாம், எதிர்முனை மறுபடி அனுப்பும். நூலகத்தோடு போனாலும் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் மெயின் லூப்பைத் தவறாக எழுதுவீர்கள். இந்தக் கணினியில் அரட்டை நிரலின் எல்லாத் தொல்லையும் அந்த லூப்பில்தான் இருக்கிறது.

#7 தாமரைநாடா

ஐபி நீளத்தை எடுத்துக்கொண்டதும் வேலை செய்கிறது. பதிவு முடிந்து அறைக்குள் போக முடிகிறது. நன்றி.

இப்போது இரண்டு புதிய சிக்கல்கள். கன்ட்ரோல்-சி அடித்து வெளியேறினால் டாஸ் குறி வருகிறது, அடுத்த நிரலை ஏற்றியதும் கணினி உறைந்துவிடுகிறது. இரண்டாவது, உரையாடலை ஃபிளாப்பியில் எழுதும் வசதியைப் போட்டால் எழுதும் நேரத்தில் வந்த வரிகள் தாமதமாகின்றன, சில நேரம் இணைப்பே போகிறது.

#8 காந்தத்தட்டு

முதல் சிக்கலுக்கு. நிரல் முடிந்தாலும் பேக்கெட் டிரைவர் முடியவில்லை. நீங்கள் பதிவு செய்த ரிசீவர் ரொட்டீனின் முகவரி அதனிடம் இன்னும் இருக்கிறது. அடுத்த ஃபிரேம் வந்ததும் அந்த முகவரிக்குத் தாவும். அங்கே இப்போது வேறொரு நிரலின் தரவு இருக்கும். வீட்டு வலையில் ஏஆர்பி கேள்விகள் (இந்த ஐபி முகவரி யாருடையது என்பவை) ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் சில நொடிகளிலேயே உறைந்துவிடும்.

வெளியேறும் எல்லா வழியிலும் ஹேண்டிலை (பதிவு செய்தபோது டிரைவர் தந்த எண்) விடுவிக்க வேண்டும். பேக்கெட் டிரைவரின் 3-ஆம் செயல்பாடு அதற்குத்தான். ஐபிக்கு ஒன்று, ஏஆர்பிக்கு ஒன்று என்று இரண்டு ஹேண்டில் வாங்கியிருந்தால் இரண்டையும் விடுவியுங்கள். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-பிரேக் அடித்தால் வரும் இன்டரப்ட் 23-ஐயும் 1பி-யையும் (இன்டரப்ட் எண்கள் எல்லாம் ஹெக்ஸில்) பிடித்து, அவற்றில் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்புங்கள். மெயின் லூப் அந்தக் கொடியைப் பார்த்து ஒழுங்காக மூடட்டும். வட்டுப் பிழையின்போது வரும் இன்டரப்ட் 24-ஐயும் மறக்காதீர்கள். ஃபிளாப்பி கதவு திறந்திருக்கும்போது வரும் கேள்விக்கு ஒருவர் ‘நிறுத்து’ என்று பதில் சொன்னால், டாஸ் உங்கள் நிரலை நேராக முடித்துவிடும். விடுவிக்கும் வரி ஓடவே ஓடாது.

ரிசீவர் ரொட்டீனையும் ஒருமுறை சரிபாருங்கள். டிரைவர் அதை ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் இரண்டு முறை அழைக்கும். முதல் முறை ஏஎக்ஸில் 0, சிஎக்ஸில் நீளம். நீங்கள் காலியான பஃபரின் முகவரியை இஎஸ்:டிஐ-ல் தர வேண்டும். இடம் இல்லாவிட்டால் 0:0 தந்தால் டிரைவர் அந்தப் பேக்கெட்டைக் கைவிடும். இரண்டாம் முறை ஏஎக்ஸில் 1, பஃபர் நிரம்பிவிட்டது என்று பொருள். அழைப்பு இன்டரப்ட் நேரத்தில் வருவதால் மூன்று பொறிகள் உண்டு:

டிஎஸ் ரெஜிஸ்டர் உங்கள் நிரலைச் சுட்டாது. உள்ளே நுழைந்ததும் நீங்களே ஏற்ற வேண்டும்.

ஸ்டாக் உங்களுடையது அல்ல, அளவும் தெரியாது. கம்பைலரின் ஸ்டாக் சோதனையை அந்தக் கோப்புக்கு அணைக்காவிட்டால், நிரம்பாத ஸ்டாக்கை நிரம்பியதாகச் சொல்லி நிரல் நின்றுவிடும்.

டாஸ் மறுநுழைவை ஏற்காது. அங்கிருந்து இன்டரப்ட் 21 எதையும் அழைக்கக் கூடாது, பிழை தேடுவதற்காக ஒரு வரி அச்சிடுவதும் கூடாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் திரை நினைவகத்தின் ஒரு மூலையில் நேரடியாக ஓர் எழுத்தை மாற்றுங்கள், போதும்.

ஆக, அந்த ரொட்டீன் செய்ய வேண்டியது காலிப் பட்டியலிலிருந்து ஒரு பஃபரை எடுப்பது, நிரம்பியதை வரிசையில் சேர்ப்பது. இரண்டே வேலை. 1,514 பைட் பஃபர் 10 வைத்தால் 15,140 பைட். 640 கேபியில் இது ஒரு செலவே இல்லை, 20 கூட வைக்கலாம்.

#9 செம்புக்கம்பி

ஃபிளாப்பி விஷயம். டாஸ் வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் இன்டரப்ட்டுகள் வருகின்றன, ஆகவே பேக்கெட்டுகள் பஃபர்களில் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஏக் அனுப்ப ஆளில்லை. மோட்டார் சுழலத் தொடங்கவே கணிசமான நேரம் போகும், அதற்குள் எதிர்முனை மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். பஃபர் தீர்ந்தால் வருவதெல்லாம் கைவிடப்படும். இணைப்பு போவதற்கு இது மட்டும் காரணமாக இருக்காது, டிசிபி இவ்வளவைத் தாங்கும். அப்போது வந்த பிங்குக்கு (இருக்கிறீர்களா என்று சர்வர் கேட்பது) பதில் போனதா என்று பாருங்கள்.

மெயின் லூப்புக்கு ஒரே விதி: எங்கேயும் காத்திருக்கக் கூடாது. ஒரு சுற்றில் வந்த பேக்கெட்டுகளைக் கையாள், டிசிபி டைமர்களைப் பார், விசை இருந்தால் ஒரே ஒரு விசையை எடு, திரையில் எழுத வேண்டியதில் ஒரு வரியை எழுது, மறுபடி தொடக்கம். விசை இருக்கிறதா என்று இன்டரப்ட் 16-ன் 1-ஆம் செயல்பாட்டால் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ‘வெளியேறவா? ஆம் / இல்லை’ என்ற கேள்விக்குக் காத்திருக்கும்போதும், உதவித் திரை திறந்திருக்கும்போதும், பழைய வரிகளைப் பின்னோக்கிப் பார்க்கும்போதும் இதே லூப்தான் ஓட வேண்டும். ஆகவே ஒவ்வொரு திரையும் ஒரு நிலை மாறியாக இருக்கட்டும், தனக்கென்று ஒரு லூப் வைத்துக்கொண்ட ஃபங்ஷனாக வேண்டாம். இது தொடக்கத்தில் சுமையாகத் தெரியும். பின்னால் மாற்றுவது அதைவிடப் பெரிய சுமை.

உரையாடல் பதிவை 4 கேபி நினைவகத்தில் சேர்த்துவைத்து, நிரம்பும்போதோ சில நிமிடம் அறை அமைதியாக இருக்கும்போதோ எழுதுங்கள். எழுதுவதற்குச் சற்று முன் ஒரு ஏக் அனுப்பிவிடுங்கள்.

டைமர்: பயாஸ் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கும், ஒரு துடிப்பு 55 மில்லிசெகண்ட். டிசிபிக்கு அது போதும். ஆனால் 40:6சி-ல் உள்ள எண்ணிக்கையை நேரடியாக நம்பினால் நள்ளிரவில் மாட்டிக்கொள்வீர்கள், 1,573,040-ஐ எட்டியதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த நொடியில் காத்திருந்த டைமர் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். இன்டரப்ட் 1சி-யைப் பிடித்துச் சொந்தமாக ஒரு 32 பிட் எண்ணியை ஏற்றுங்கள். வெளியேறும்போது பழைய வெக்டரைத் திருப்பி வைக்கும் பட்டியலில் இதையும் சேருங்கள்.

#10 மெதுமணி

ஐஆர்சி பக்கத்தில் கவனிக்க வேண்டியவை.

வரியின் நீளம் முடிவுக் குறிகளான 13, 10 இரண்டும் சேர்த்து 512 பைட். 1993-ல் வந்த ஆர்எஃப்சி 1459 சொல்வது இது. முடிவுக்கு 10 மட்டும் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு டிசிபி செக்மென்ட்டுக்கும் ஒரு வரிக்கும் எந்த உறவும் இல்லை, பாதி வரியில் செக்மென்ட் முடியும். வரி சேர்க்கும் பஃபர் அழைப்புகளுக்கு இடையே தொடர்ந்து இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பும் செய்தியை 512 வரை நீட்டலாம் என்று நினைக்காதீர்கள். சர்வர் அதை மற்றவர்களுக்கு அனுப்பும்போது முன்னால் உங்கள் பெயர், பயனர் பெயர், ஹோஸ்ட் முகவரியைச் சேர்க்கும். அதுவும் 512-க்குள் அடக்கம், மிஞ்சுவது வெட்டப்படும். 400 பைட்டில் நிறுத்தினால் நிம்மதி. தமிழில் யூடிஎஃப்-8 என்றால் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், அதாவது ஏறத்தாழ 130 குறியீடுகள். ‘கொ’ போன்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடு போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வெட்டும்போது 3 பைட்டின் நடுவில் வெட்டாதீர்கள்.

பிங் வந்தால் அதோடு வந்த சொல்லை அப்படியே பாங்கில் திருப்பி அனுப்புங்கள். சில சர்வர்கள் நிக் கொடுத்ததும், 001 வரவேற்பு வருமுன்பே பிங் அனுப்பும். பதிவு முடிந்த பிறகுதான் பிங்கைக் கவனிப்பேன் என்று எழுதப்பட்ட நிரல் அங்கேயே நின்றுவிடும். 433 வந்தால் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, வேறு பெயருக்கு நிக் மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

ஐஆர்சி 3-ன் கூடுதல் வசதிகளைக் கேட்டு வாங்காதீர்கள். செய்திக் குறிச்சொற்களை இயக்கிவிட்டால் வரிக்கு முன்னால் 8 கேபி வரை வரலாம். கேட்காதவரை சர்வர் அனுப்பாது.

#11 செம்புக்கம்பி

இதோடு இன்னும் இரண்டு. இரண்டும் இணைக்கும் நேரத்தில் வருபவை.

சர்வர் உங்கள் கணினியின் 113-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கலாம், அது பயனர் யார் என்று கேட்கும் பழைய ஐடென்ட் சோதனை. ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் உங்கள் வரை வராது, உள் வலையில் சோதிக்கும்போது வரும். உங்கள் டிசிபி நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சர்வர் நேரம் தீரும்வரை காத்திருக்கும். ‘இணைகிறது ஆனால் வரவேற்பு வர நெடுநேரம் ஆகிறது’ என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மூடிய போர்ட்டுக்கு வரும் சின் பேக்கெட்டுக்கு (இணைப்பு கேட்பது) உடனே ரீசெட் (இணைப்பு இல்லை என்ற பதில்) அனுப்புவது டிசிபியின் கடமை.

அடுத்தது உள்ளூர் போர்ட் எண். 8088 கணினிகள் பலவற்றில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எண்ணி பூஜ்யத்தில் தொடங்கும், தானியங்கி பேட்ச் கோப்பு ஏறத்தாழ அதே துடிப்பில் உங்கள் நிரலைத் தொடங்கும். துடிப்பிலிருந்து போர்ட் எண்ணையும் தொடக்க சீக்வன்ஸ் எண்ணையும் எடுத்தால் முந்தைய முறை கிடைத்த அதே எண்கள் வரும். கணினியைத் திடீரென அணைத்திருந்தால் சர்வரிடம் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும். உங்கள் புது சின் பேக்கெட்டுக்கு அது பழைய இணைப்பின் ஏக்கைத் திருப்பும். நீங்கள் ரீசெட் அனுப்பிப் பிறகு மறுபடி முயன்றால்தான் வழி திறக்கும். பயனர் முதல் விசையை அழுத்தும் நொடியில் 8253 டைமர் சில்லின் எண்ணியைப் படித்து அதைக் கலந்துகொள்ளுங்கள். அது 1.19 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் இரண்டு முறை ஒரே எண் கிடைப்பது அரிது.

#12 காந்தத்தட்டு

செக்சம் கணக்கிடும் முறை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இது. ஒன்றின் நிரப்பிக் கூட்டலுக்கு பைட் வரிசை ஒரு பொருட்டில்லை. இன்டெல் வரிசையிலேயே 16 பிட் சொற்களாகக் கூட்டி, விடையை அப்படியே எழுதினால் சரியாக இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போடத் தேவையில்லை. அசெம்ப்ளியில் லாட்எஸ்டபிள்யூ, ஏடிசி, லூப் என்று மூன்றே கட்டளை, லூப் கட்டளை கேரியைக் கெடுக்காது என்பதால் இது சாத்தியம். 8088-ல் ஒரு சொல்லுக்கு 36 கிளாக், 1,460 பைட்டுக்கு ஏறத்தாழ 5.5 மில்லிசெகண்ட். லூப்பை விரித்து எழுதினால் 3 அளவுக்கு இறங்கும். அரட்டை வரிகள் சின்னவை என்பதால் விரிக்காமலும் காலம் தள்ளலாம். கோப்பு இறக்கும் நிரல் என்றால் கட்டாயம் விரியுங்கள்.

#13 எட்டுபிட்டு

ஈதர்நெட் கார்டே இல்லாத கணினிக்கு? சீரியல் போர்ட் மட்டும் இருக்கிறது. ஸ்லிப் (சீரியல் கம்பியில் ஐபி பேக்கெட் அனுப்பும் முறை) வைக்கலாமா, ஹேய்ஸ் கட்டளை (மோடத்துக்கான ஏடி கட்டளைகள்) புரியும் வைஃபை மோடம் வைக்கலாமா?

#14 செம்புக்கம்பி

இரண்டும் ஓடும். வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

வைஃபை மோடத்தில் டிசிபி முழுவதும் இஎஸ்பி8266 சில்லுக்குள் நடக்கும். ஏடிடிடி என்று எழுதி, ஹோஸ்ட் பெயரும் போர்ட் எண்ணும் தந்தால் இணைப்பு கிடைத்துவிடும், பிறகு வெறும் பைட்டுகள்தான். கமடோர் 64 போன்ற 64 கேபி கணினிக்கு இது பெரிய நிம்மதி. டெல்நெட் மாற்றத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். அது 255 என்ற பைட்டைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 உரையில் 255 வராது என்பதால் அரட்டையில் பிழை தெரியாது, கோப்பு மாற்றும்போதுதான் கெடும்.

ஸ்லிப் மிக எளிது, ஆர்எஃப்சி 1055 சில பக்கம்தான். பேக்கெட்டின் முடிவு 192. தரவில் 192 வந்தால் 219, 220 என்று இரண்டாக அனுப்பு. 219 வந்தால் 219, 221. பேக்கெட்டின் தொடக்கத்திலும் ஒரு 192 அனுப்பினால் கம்பியில் இருந்த இரைச்சல் தனி பேக்கெட்டாகப் பிரிந்துவிடும். மறுமுனையில் லினக்ஸ் கணினி வேண்டும். ஏஆர்பி இல்லை, ஈதர்நெட் நிரப்பும் இல்லை, தாமரைநாடாவின் 6 பைட் சிக்கல் இங்கே பிறக்கவே பிறக்காது.

எந்த வழி என்றாலும் சீரியல் போர்ட்டை இயக்கும் யுஏஆர்டி சில்லைப் பாருங்கள். 115,200 பாடில் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோசெகண்ட், 4.77 மெகாஹெர்ட்ஸில் அது 414 கிளாக்தான். 8250-ல் பஃபர் ஒரே ஒரு பைட். இன்டரப்ட்டுக்குள் நுழைந்து, ரெஜிஸ்டர்களைச் சேமித்து, பைட்டை எடுத்து வெளியே வருவதற்கே அதில் பெரும் பங்கு போய்விடும், நடுவில் டைமர் இன்டரப்ட் வந்தால் ஒரு பைட் தொலையும். 8250 என்றால் 9,600-ல் தொடங்குங்கள். 16550ஏ-வில் 16 பைட் வரிசை இருக்கிறது, தூண்டு அளவை 14 அல்லாமல் 8-ல் வைத்தால் தாமதத்தைத் தாங்க இன்னும் 8 பைட் இடம் கிடைக்கும். வரிசையை இயக்கிய பிறகு இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்டும் 1 ஆக இருந்தால்தான் அது வேலை செய்யும் 16550ஏ. 7-ஆம் பிட் மட்டும் 1 என்றால் பிழையுள்ள பழைய 16550, வரிசையை நம்ப வேண்டாம்.

#15 எட்டுபிட்டு

நன்றி, ஸ்லிப்பில் தொடங்குகிறேன். டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) மட்டும் ஏற்கும் சர்வர்களுக்கு என்ன வழி?

#16 மெதுமணி

இந்தக் கணினியில் செய்ய முடியாது. கணக்கைப் பாருங்கள். 2,048 பிட் ஆர்எஸ்ஏ எண் 16 பிட் சொற்களாக 128. இரண்டைப் பெருக்க 16,384 பெருக்கல். 8088-ல் ஒரு 16 பிட் பெருக்கல் 118 முதல் 133 கிளாக், ஆக ஒரு பெருங்கணக்குக்கு 0.43 நொடி. மீதி எடுப்பதற்கும் அதே அளவு. 65,537 என்ற அடுக்குக்கு இப்படி 17 முறை. ஒரே ஒரு சான்றிதழ்க் கையொப்பத்தைச் சரிபார்க்கப் பெருக்கல் கட்டளைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 15 நொடி. சான்றிதழ்ச் சங்கிலியில் ஒன்றுக்கு மேல் இருக்கும், சாவிப் பரிமாற்றம் தனி.

வீட்டு வலையில் ஒரு சிறிய லினக்ஸ் பலகையை நிறுத்துங்கள். எஸ்டனல் போட்டால் உள் பக்கம் 6667, வெளிப் பக்கம் 6697-க்கு டிஎல்எஸ். அதைவிட நல்லது இசட்என்சி போன்ற பவுன்சர். இணைப்பை அதுவே வைத்திருக்கும், பழைய கணினியை அணைத்தாலும் அறையில் இருப்பீர்கள், திரும்பி வந்ததும் விட்டுப்போன வரிகளைத் தரும். எத்தனை வரி தர வேண்டும் என்று அதில் குறைத்து வையுங்கள். இணைந்த உடனே கொட்டும் வெள்ளத்தில் டிசிபி விண்டோ (ஏற்கத் தயாராக இருக்கும் அளவு) மூடித் திறக்கும், உங்கள் விண்டோ அறிவிப்பில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும் அளவைக் கூட்டுங்கள்.

#17 தாமரைநாடா

கன்ட்ரோல்-சி, ஃபிளாப்பி இரண்டும் சரியாகிவிட்டன. இன்டரப்ட் 24-ல்தான் ஓர் ஓட்டை இருந்தது. மெயின் லூப்பை நிலைகளாக மாற்றி எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. தமிழைத் திரையில் காட்ட விஜிஏ கார்டைப் போட்டிருக்கிறேன். டெக்ஸ்ட் மோடில் எழுத்துருவை இன்டரப்ட் ஹெக்ஸ் 10-ன் ஹெக்ஸ் 11-ஆம் செயல்பாட்டால் ஏற்றினேன். யூடிஎஃப்-8-ஐப் பிரித்து 128-க்கு மேலான இடங்களில் வைத்த தமிழ் வடிவங்களுக்கு மாற்றுகிறேன். இரண்டு குறைகள். ‘கெ’ என்பது கொம்பு பின்னால் போய் வருகிறது. சில எழுத்துகளின் வலது ஓரம் மட்டும் தடித்துத் தெரிகிறது, எல்லா எழுத்திலும் அல்ல.

#18 காந்தத்தட்டு

முதலாவது யூனிகோட் வரிசை. அதில் மெய் முதலில், கொம்பு பின்னால். திரைக்கு ெ, ே, ை மூன்றும் முன்னால் போக வேண்டும். ொ, ோ, ௌ மூன்றும் இரண்டாகப் பிரிந்து மெய்யைச் சூழ வேண்டும். ஆகவே மெய் வந்ததும் எழுதிவிடாதீர்கள், அடுத்த குறியீடு வரும்வரை ஓர் இடத்தில் நிறுத்திவையுங்கள். உயிர்க்குறி வந்தால் வரிசை மாற்றி எழுதுங்கள், வேறு எது வந்தாலும், வரி முடிந்தாலும், நிறுத்தியதை அப்படியே விடுங்கள். தமிழுக்கு யூடிஎஃப்-8-ன் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்தப் பிரிப்பு நிலையும் செக்மென்ட் எல்லையைத் தாண்டி நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது விஜிஏ-வின் 9-ஆவது புள்ளி. டெக்ஸ்ட் மோடில் எழுத்துரு 8 புள்ளி அகலம், திரையில் 9 புள்ளி. 9-ஆவது பொதுவாகக் காலி. 192 முதல் 223 வரையுள்ள இடங்களுக்கு மட்டும் 8-ஆவது புள்ளியை அங்கே நகலெடுக்கும், பெட்டிக் கோடுகள் இடைவெளியின்றிச் சேருவதற்காக. அந்த 32 இடங்களில் வைத்த உங்கள் வடிவங்கள்தான் தடிக்கின்றன.

#19 தாமரைநாடா

ஆமாம், தடிப்பவை எல்லாம் 192-க்கும் 223-க்கும் இடையில்தான் இருக்கின்றன. மற்ற இடங்களுக்கு மாற்ற இடம் போதவில்லை.

#20 காந்தத்தட்டு

அப்படியானால் அந்த 32 இடங்களில் வலது ஓரப் புள்ளி தேவைப்படாத குறுகிய வடிவங்களை வையுங்கள்: துணைக்கால், ர, ட, சிறிய கொம்பு போன்றவை. 8-ஆவது நெடுவரிசை காலியாக இருந்தால் நகலும் காலிதான். ண, ஞ, ஔ போன்ற அகன்றவை எப்படியும் இரண்டு கட்டம் கேட்கும். அவற்றின் இடது பாதியை இங்கே வைத்தால் தடித்த ஓரம் வலது பாதியோடு ஒட்டி, இடைவெளி தெரியாமல் வரும், அதற்கு இந்த 32 இடங்கள் மற்ற இடங்களைவிட ஏற்றவை. வலது பாதியை மட்டும் வெளியே வையுங்கள்.